தம்பி பக்கத்துக் கரண்டு

மூன்றாவது முறையும் ஃபியூஸ் போயிற்று.

சித்திரை மாதம். காலை பத்து மணிக்கே முற்றத்து வளவில் நிற்க முடியவில்லை. பெட்டியை இறக்கி வைத்து, பெரியவரை உள்ளே கிடத்தி, கண்ணாடி மூடியை மூடி சுவிட்சைப் போட்டேன். உர்ரென்று ஓட ஆரம்பித்தது. எண்ணி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மீட்டர் பக்கம் டப்பென்று ஒரு சத்தம். பெட்டி நின்றது, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும் நின்றது, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

என்னை ஏன் பார்க்க வேண்டும்? ஒயர் நான் போட்டதா? ஆனாலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிறவன் நான் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அவற்றோடு ஃப்ரீசர் பெட்டியும் ஒன்று வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் குளிரில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் விமானத்தில்தான் வரவேண்டும் என்பதால் பெட்டிக்கு ஓய்வே கிடையாது.

அன்றைய வீடு காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஓர் ஊரில் இருக்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம், பங்காளிகள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இறந்தவர் சொக்கலிங்கம் செட்டியார். மனைவி உமையாள் ஆச்சி. ஒரே மகள் வள்ளி மெல்போர்னில். மறுநாள் காலைக்குள் வந்துவிடுவதாகவும், அப்பாவை, அவள் வாயில் அப்பச்சியை, முகம் பார்க்காமல் எடுத்துவிடக் கூடாது என்றும் போனில் கதறியிருக்கிறாள். அந்த வெயிலில் பெட்டி ஓடாவிட்டால் சாயங்காலத்துக்கு மேல் தாங்காது. இதை ஆச்சியிடம் யார் போய்ச் சொல்வது?

எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒயரெல்லாம் பொடியாப் போச்சுண்ணே. ஃபேனுக்கும் லைட்டுக்கும் தாங்கும். ஒங்க பெட்டிக்குத் தாங்காது. லைன் பூராத்தையும் மாத்தணும், ரெண்டு நாளு ஆகும்."

என் ஜெனரேட்டர் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அங்கே மாப்பிள்ளைக்கு மேக்கப் போட ஏசி வேண்டுமாம்.

எதிர்ப்பக்கத்துக் கதவு

அந்த வீட்டில் இன்னொரு மீட்டர் உண்டு. அது தம்பியுடையது.

செட்டிநாட்டு வீட்டைப் படத்தில் பார்த்தவர்கள் அது ஒரே குடும்பத்துக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய நடையுமான வளவு பொது. சுற்றியிருக்கும் அறைகள் பங்காளிக்குப் பங்காளி தனி. பூட்டு தனி, மீட்டர் தனி. நல்லது கெட்டது நடந்தால் வளவில் ஒன்றாக நிற்க வேண்டும், மற்ற நாட்களில் எதிர் அறையில் என்ன குழம்பு என்று மூக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொக்கலிங்கம் செட்டியாரும் தம்பி நாச்சியப்பனும் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி தன் பங்கைச் சினிமாக்காரர்களுக்குப் படப்பிடிப்புக்கு விட்டிருக்கிறார். தன்னைக் கேட்கவில்லை என்று அண்ணன் முன்வாசலைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு குன்றக்குடிக்குக் கிளம்பிவிட்டார். உள்ளே கதாநாயகி, துணை நடிகர்கள், ஆட்டுக்குட்டி ஒன்று, எல்லாம் சாயங்காலம்வரை மாட்டிக்கொண்டார்கள். சிரிக்க வேண்டிய கதைதான். அண்ணனும் தம்பியும் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு ஒரே முற்றத்துக் குழாயில் இரண்டு பேரும் முகம் கழுவினார்கள், ஒருவர் வந்தால் மற்றவர் துண்டை உதறிக்கொண்டு திரும்பிவிடுவார்.

லைன் தாங்காது என்று எலக்ட்ரீசியன் சொன்னதும் வளவில் இருந்த அத்தனை பேரும் எதிர்க் கதவைப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பங்காளி ஒருவர் மட்டும், "அவன்ட்டப் போயி நிக்கிறதுக்குப் பேசாம இன்னைக்கே எடுத்துரலாம்" என்றார். ஆச்சி தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு ஒரே இடத்தில் நிற்க வராது. நின்றால் கால் குறுகுறுக்கும். போய்க் கதவைத் தட்டினேன்.

நாச்சியப்பனுக்கு எழுபது வயதிருக்கும். சட்டையில்லாமல் தோளில் துண்டோடு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எம்புட்டு நேரம்?"

"நாளைக்குக் காலையில வள்ளி வார வரைக்கும்ணே."

"சொருகிக்க."

அவ்வளவுதான். முற்றத்தின் ஓரமாக ஒயரை இழுத்து, அவர் வாசலுக்கு உட்புறம் இருந்த சுவிட்ச் போர்டில் சொருகினேன். பெட்டி உறும ஆரம்பித்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்து அந்தப் போர்டுக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். வளவுக்கு வரவில்லை. அண்ணன் முகத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் எதற்காகச் சுவிட்சுக்குக் கீழே உட்காருகிறார்?

மூலையில் நின்று பார்த்தவை

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேத வீட்டில் என் வேலை பெட்டியை இறக்கி வைப்பதோடு முடிவதில்லை. ஓடுகிறதா, தண்ணீர் கசிகிறதா என்று ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூலையில் நிற்கிறவன் யார் கண்ணிலும் படமாட்டான். அவன் கண்ணில் எல்லாம் படும்.

முதல் அரை மணி நேரம் எல்லாரும் உண்மையாக அழுவார்கள். அடுத்த அரை மணியில் ஒருவர் வெளியே போய் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரிப்பார். பிறகு காப்பி. பிறகு செல்போனுக்குச் சார்ஜர் யாரிடம் இருக்கிறது என்ற தேடல். நெற்குப்பையில் ஒரு வீட்டில், வர முடியாத மகனுக்காகப் பெட்டிக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் மகன் விம்மி விம்மி அழுகிறான். இந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவர், "கண்ணாடியில லைட்டு அடிக்குது தம்பி, செத்த இருங்க, அங்குட்டு வந்து காட்டுறேன்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மருமகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று வந்தவர்களெல்லாம் முணுமுணுத்தார்கள், நானும் மனதுக்குள் கூடச் சேர்ந்துகொண்டேன். எடுத்துக்கொண்டு போனபிறகு பெட்டியைத் துடைக்கத் துணி கேட்டு உள்ளே போனால், அந்த அம்மாள் அடுப்படியில் மாமியாரின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆறு மணி மாத்திரை குடுக்கணுமே" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். இவர் அழுவது நடிப்பு, அவர் அழாதது கோபம், இந்த மைத்துனர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பட்பட்டென்று முடிவு கட்டிவிடுவேன். என் வீட்டுக்காரி இதற்காகவே என்னைத் திட்டுவாள். ஆனால் பத்துக்கு எட்டு சரியாக இருந்துவிட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

சத்தம் நின்றது

மூன்று மணிக்கு மேல் வெளியிலிருந்து காப்பி வந்தது. கேத வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்பதால் பக்கத்து வீட்டார்தான் கொண்டுவந்தார்கள். ஆண்கள் முகப்புக்குப் போனார்கள். பெண்கள் ஆச்சியை இரண்டு வாய் குடிக்கச் சொல்லிப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். நானும் முகப்புக்குப் போனேன். அது என் தப்பு. பெட்டியைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது.

தம்ளரை வாயில் வைத்திருப்பேன், ஏதோ குறைவதுபோல இருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம், ஓடும்போது காதில் விழாது, நின்றால்தான் விழும்.

உள்ளே ஓடினேன். பெட்டி நின்றிருந்தது. கண்ணாடியின் உட்புறம் நீர் பூத்துப் பெரியவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆகவே அண்ணன் பக்கத்தில் கோளாறு இல்லை. முற்றத்தைத் தாண்டி எதிர்வாசலுக்குப் போனேன். சுவிட்ச் அணைந்திருந்தது. அதற்குக் கீழே நாச்சியப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருண்ணே அணைச்சது?"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாரும் அந்தப் பக்கம் வந்திருக்க வழியில்லை. சுவிட்சைப் போட்டேன். பெட்டி ஓடியது. அதோடு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

திரும்பவில்லை. வளவு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"செத்த பெறகும் பகையாண்ணே? ஒரு நாளு பொறுக்க முடியலையா? அந்தப் பிள்ளை கடல் தாண்டி வந்துக்கிட்டு இருக்கு. அப்பச்சி மொகத்தப் பாக்க விடக் கூடாதுன்னு நெனச்சீகளா?"

சத்தம் கேட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பங்காளி, "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். இன்னொருவர் மனுஷனா நீ என்று கேட்டார். பதினோரு வருஷமாக மனதில் கிடந்ததையெல்லாம் ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். ஆரம்பித்து வைத்தவன் நான்.

நாச்சியப்பன் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒயர் நசுங்காத அளவுக்கு இடுக்கு விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பார்த்தீர்களா, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒருவன் மீசையை முறுக்கினான். அவனை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆச்சியின் கை

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. பெட்டிக்கும் எதிர்க் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். வெயில் இறங்கிற்று. முற்றத்தில் விளக்குப் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள், கேத வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வது கிடையாது.

வண்டியில் கிடந்த தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு வரலாமென்று வாசலுக்குப் போய்த் திரும்புகிறேன், மறுபடி அந்த நிசப்தம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்த முறை கதவை உடைத்துவிடுவது என்றே நடந்தேன். பாதி முற்றத்தில் ஏதோ உறைத்து நின்றேன். பெட்டியின் தலைமாட்டில் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் எதிர்ப்பக்கத்துக் கரண்டு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் சொந்த சுவிட்சைத்தான் யாரோ அணைத்திருக்க வேண்டும். அது தலைமாட்டுக்கு அடியில் இருக்கிறது.

தலைமாட்டில் உமையாள் ஆச்சி உட்கார்ந்திருந்தார். முந்தானைக்குள் அவர் கை அந்த சுவிட்சின் மேலேயே இருந்தது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"ஆச்சி, கையை எடுங்க. ஓடணும்."

"செத்த நேரம் அணைச்சு வையிப்பா" என்றார் காதோடு காதாக. "அவுகளுக்குக் குளிர் ஆகாது. ஆடி மாசத்துலயே பல்லு கிடுகிடுங்கும். காலையில இருந்து ஐஸ்ல போட்டு வச்சிருக்கோமே, எப்பிடித் தாங்குவாக?"

எத்தனை வீடுகள், எத்தனை வருஷம். இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. இறந்தவருக்குக் குளிராது ஆச்சி என்று ஒரு மனைவியிடம் சொல்ல எந்த மடையனாலும் முடியும். ஆச்சிக்கு அது தெரியாதா என்ன? ஐம்பது வருஷம் ஒருவருக்குப் போர்த்திவிட்ட கைக்குத்தான் தெரியவில்லை.

"வள்ளி வந்து பாக்கணும்ல ஆச்சி" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டேன்.

அதற்குள் சிங்கப்பூர்ப் பங்காளி வந்துவிட்டார். "என்னப்பா, திரும்ப அணைச்சுட்டானா அவன்?"

"இல்லைண்ணே. ஏங்கை பட்டுருச்சு."

"பாத்துச் செய்யப்பா" என்று அதட்டிவிட்டுப் போனார். அந்த அதட்டல் எனக்கு வேண்டியதுதான்.

சாத்திய கதவு

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மத்தியானமும் ஆச்சிதான் எப்படியோ அணைத்திருக்கிறார், இந்த மனுஷன் அண்ணிக்காக வாயைத் திறக்காமல் பழியைச் சுமந்திருக்கிறார் என்று என் புத்தி உடனே ஒரு கதை கட்டிவிட்டது. மத்தியானம் அவரைக் கெட்டவராக்கிய அதே வேகத்தில் சாயங்காலம் தெய்வமாக்கிவிட்டேன். போய்க் கதவைத் தட்டினேன்.

உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மன்னிச்சுருங்க. நீங்க அணைக்கலைன்னு தெரிஞ்சு போச்சு. நாலு பேருக்கு முன்னால பேசக் கூடாததப் பேசிட்டேன்."

"எவன் சொன்னது அணைக்கலைன்னு?" என்றார். "நாந்தான் அணைச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எல்லாரும் காப்பி குடிக்கப் போனீகல்ல, அப்ப வந்து பாத்தேன். பதினோரு வருசத்துல அவுக மொகத்த அம்புட்டுக் கிட்டத்துல பாக்கல. வெறும் வேட்டி துண்டோட படுக்க வச்சிருக்கீக. தாடையில தண்ணி முத்து முத்தா நிக்குது. சின்ன வயசுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே போர்வை. விடியக்குள்ள முழுசும் அவுக பக்கம் போயிருக்கும், நான் சுருண்டு கெடப்பேன். அம்புட்டுக் குளிர் தாங்க மாட்டாத ஆளு. ஒரு கால் மணி நேரம் அணைச்சுப் போடுவோமுன்னு வந்து அணைச்சேன்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமுல்லண்ணே."

"பேசாதவன் வந்து, அண்ணனுக்குக் குளிருதுன்னு சொன்னா எவன் நம்புவான்? நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். நடிப்பு என்று ஒரே நொடியில் முடிவு கட்டியிருப்பேன்.

அணைத்த கையைப் பற்றி நான் சொன்னது சரி. மீதி அத்தனையும் தப்பு. ஒரு வீட்டில் மூலைக்கு மூலை ஒரே நினைப்போடு இரண்டு பேர் தவித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல். நடுவில் நான் போலீஸ்காரன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

ஆச்சி செய்ததை அவரிடம் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவர் எழுந்து உள்அறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அந்துருண்டை வாசனையோடு ஒரு கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பெட்டியத் தொறப்பியா?"

தொழில் தெரிந்த எவனும் சம்மதிக்க மாட்டான். பெட்டி இருப்பதே குளிரவைக்கத்தான், உள்ளே கம்பளியைப் போட்டால் அந்தக் குளிர் உடம்புக்குப் போகாது. வள்ளிக்கு என்ன பதில் சொல்வேன்? பெட்டியை இன்னும் இரண்டு புள்ளி குளிரில் வைத்து, போர்வையை இடுப்புக்கு மேலே ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அது போதும் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ தெரியாது. மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் வள்ளி வந்து பார்த்தபோது பெரியவர் முகம் வாடாமல்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் அது எனக்குத் தெரியாது.

"வாங்கண்ணே" என்றேன்.

போர்வையும் கையுமாக அவர் முற்றத்தைத் தாண்டி வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பங்காளி வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நாச்சியப்பன் தலைமாட்டுக்கு வரத் தயங்கிக் கால்மாட்டிலேயே நின்றுவிட்டார்.

ஆச்சி போர்வையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"கால்லயிருந்து போத்துங்க தம்பி" என்றார் ஆச்சி. "அவுகளுக்கு மொதல்ல பாதந்தான் சில்லிட்டுப் போகும்."

நான் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.